ஆய் ஒரு பாதி, குடி ஒரு பாதி

தென்காசிக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஆய்க்குடி. வயல், தென்னை, குளம், மேற்கே வானத்தை அடைத்து நிற்கும் மலை. குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் இங்கும் காற்றில் சாரல் கலந்துவிடும். ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவர் பாலசுப்பிரமணிய சுவாமி. பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் இங்கே படிப்பாயச நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். கோயிலை ஒட்டி ஓடும் அனுமன் நதியின் படித்துறைக் கல்லிலேயே பாயசத்தை ஊற்ற, ஊர்ச் சிறுவர்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் வழித்துச் சாப்பிடுவார்கள். இலையும் கிடையாது, கிண்ணமும் கிடையாது. பிள்ளைகள் வயிறு நிறைந்தால் வேண்டுதல் நிறைவேறிவிட்டது என்று பொருள்.

கோயிலைத் தேடி வருகிறவர்களில் ஊரின் பெயரை நின்று கவனிப்பவர்கள் குறைவு. அந்தப் பெயருக்குக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டு வயது. அதன் முன்பாதி ஓர் அரச மரபைக் குறிக்கிறது. பின்பாதியான குடி, அந்த அரசனுக்குக் கீழே உழுதவர்களையும் குறிக்கும், அரசன் பிறந்த வம்சத்தையும் குறிக்கும். முன்பாதிக்குரிய அரசர்கள் மறைந்து ஆயிரம் ஆண்டு ஆகிறது. பின்பாதியோ கல்வெட்டில் ஏறி, வரிக் கணக்கில் புகுந்து, சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்து, இன்றைய அரசியல் சாசனம் வரை நடந்து வந்திருக்கிறது.

முதலில் ஆய். கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஆய் அண்டிரன் பொதிய மலைக்குத் தலைவன். புறநானூற்றில் 127 முதல் 136 வரை தொடர்ந்து பத்துப் பாட்டுகள் அவனைப் பற்றியவை. அவற்றில் ஒன்பதைப் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். கடைசிப் பாட்டு துறையூர் ஓடை கிழாருடையது. சோழ நாட்டு உறையூரிலிருந்து பொதிய மலை வரை நடந்து வந்த ஒரு புலவர், ஒரு சிறு மலைத் தலைவன் மீது இத்தனை பாட்டுகளைக் கட்டியிருக்கிறார். மூவேந்தர்களில் பலருக்குக்கூட இந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

முடமோசியார் வெறும் புகழ் பாடவில்லை, ஊரைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறார். ஒரு பாட்டில் ஊர் மன்றத்துப் பலாமரம் வருகிறது. பரிசில் வாங்க வந்தவர்கள் தங்கள் முழவை அதன் கிளையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். மேலே இருக்கும் மந்தி அதைப் பலாப்பழம் என்று எண்ணித் தட்டிப் பார்க்கிறது. முழவு ஒலிக்கிறது, அந்த ஒலிக்கு அன்னச் சேவல் ஒன்று பதில் குரல் கொடுக்கிறது. குற்றாலச் சீசனில் சாலையோரம் குவிந்து கிடக்கும் பலாப்பழத்தையும், கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகும் குரங்கையும் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அதே பாட்டு, ஆடல் மகளிர் எளிதாக நெருங்கக்கூடிய இந்தப் பொதியத்தைப் பகை அரசர்களால் நெருங்க முடியாது என்று முடிகிறது.

அண்டிரனின் கொடை என்றால் யானைதான். உன் நாட்டுப் பிடி ஒரே ஈற்றில் பத்துக் கன்று போடுமா என்று புலவர் வியக்கும் அளவுக்கு அவன் யானைகளைக் கொடுத்திருக்கிறான். ஆனால் முடமோசியாருக்கு யானைக் கணக்கை விட முக்கியமாகப் பட்டது வேறு. இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அறத்தை விலைக்கு வாங்கும் வணிகன் அல்ல ஆய் என்று ஒரு சிறிய பாட்டில் சொல்கிறார். புறநானூற்றின் மிக உயர்ந்த சிந்தனைகளுள் ஒன்று அது. கொடைக்கு மறுமைப் பயன் எதிர்பார்ப்பதுகூட வணிகம் என்று சொல்லத் துணிந்த ஒருவர், அதற்கு எடுத்துக்காட்டாக இந்த மலையடிவாரத்து மனிதனைக் காட்டியிருக்கிறார்.

ஆய் என்ற சொல்லின் பிறப்பு பற்றிப் பல கருத்துகள் உண்டு. ஆ என்றால் பசு. ஆயர் என்றால் மாடு மேய்ப்பவர். ஆகவே ஆய் என்பது ஆயர் தலைவன் என்பது ஒன்று. ஆய் என்றால் தாய். தாய் வழி வந்த மரபு என்பது இன்னொன்று. இந்த விவாதத்தைத் தொடங்கி வைத்தவர்கள் இக்கால ஆய்வாளர்கள் அல்லர், ஆய் அரசர்களே. 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் பட்டத்துக்கு வந்த விக்கிரமாதித்த வரகுணன், ஒரு பௌத்த விகாரைக்கு நிலம் கொடுத்து வெளியிட்ட பாலியம் செப்பேட்டில் தன்னை யாதவ குலத்தவன் என்று அறிவித்துக்கொள்கிறான். ஆயர் என்ற தமிழ்ச் சொல்லைப் பிடித்து, கண்ணன் பிறந்த யது வம்சம் வரை ஏணி போட்டிருக்கிறார்கள். இதற்கு ஏற்கனவே ஒரு மரபுக் கதை இருந்தது. ஆயைப் போலவே வேளிர் தலைவனான இருங்கோவேளின் முன்னோர் துவரை என்னும் நகரை 49 தலைமுறை ஆண்டவர்கள் என்று கபிலர் பாடியிருக்கிறார். அகத்தியர் துவாரகையிலிருந்து பதினெட்டு வேளிர் குடியைத் தெற்கே கூட்டி வந்தார் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். அகத்தியரின் இருப்பிடம் பொதியம். பொதியத்தின் தலைவன் ஆய். கதை அழகாகப் பொருந்திப்போகிறது.

அழகாகப் பொருந்துவதாலேயே அதை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. அண்டிரனைப் பாடிய பாட்டுகளில் மாட்டு மந்தை இல்லை, துவாரகையும் இல்லை. யானை, வேங்கை மரம், பலா, மழைமேகம் தவழும் மலை, குறவர் ஆடும் குரவை என்று எல்லாமே குறிஞ்சி நிலத்துப் பொருள்கள். யது வம்சம் என்பது எண்ணூறு ஆண்டுக்குப் பின் வந்த அரசர்களுக்குத் தேவைப்பட்ட உடை. பல்லவரும் பாண்டியரும் சோழரும் சந்திரன், சூரியன் என்று வம்சம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் வெறும் ஆய் என்று நின்றால் மதிப்பு இல்லை.

தமிழகத்துக்கு வெளியேயும் ஆய் என்ற பெயர் எட்டியிருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்து உலகப் புவியியலை எழுதிய தாலமி, குமரி முனையை உள்ளிட்ட கடற்கரைப் பகுதியை ஐயோய் என்பவர்களின் நாடு என்று குறித்தார். கிரேக்க எழுத்துக்குள் அடைபட்ட ஆய்தான் அது. அப்போதே இந்த மரபினர் மலையிலிருந்து தெற்கே கடல் வரை பரவியிருந்தார்கள்.

பிறகு பாண்டியர் எழுந்தார்கள். பராந்தக நெடுஞ்சடையன் வெளியிட்ட வேள்விக்குடிச் செப்பேடு, அவனுடைய முன்னோன் ஒருவன் மருதூரில் ஆய்வேளை முறியடித்ததாகச் சொல்கிறது. அதே பராந்தகனின் 23ஆம் ஆட்சியாண்டில் மலைநாட்டு ஆய் அரசன் சடையன் கருநந்தன் மீது படை போனதைக் கழுகுமலைக் கல்வெட்டு பதிவு செய்கிறது. அடிமேல் அடி விழ, ஆய் அரசு மலைக்குத் தெற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் திருவனந்தபுரம் பக்கத்துக்கும் ஒதுங்கியது. அங்கேதான் அவர்களின் மிக அருமையான காரியம் நடந்தது. கோக்கருநந்தடக்கன் கலி நாள் 14,49,087இல், அதாவது கி.பி. 866இல், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்றுப் பார்த்திவசேகரபுரத்தில் விண்ணகரம் என்னும் திருமால் கோயிலையும் ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்றால் இங்கே கல்விக்கூடம். காந்தளூர்ச் சாலையைப் பின்பற்றி அமைந்த அதில் 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, இடம். அந்தச் செப்பேட்டை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் டி.ஏ. கோபிநாத ராவ் பதிப்பித்தார். மாணவர்கள் ஆயுதம் எடுத்துச் சண்டையிட்டால் என்ன தண்டம் என்பது வரை அதில் விதி இருக்கிறது.

இந்த அரசர்களின் ஆவணங்களில் ஒரு மாற்றம் கண்ணில் படுகிறது. விக்கிரமாதித்த வரகுணன் மணந்த முருகன் சேந்தி, ஆய்குல மாதேவி என்று அழைக்கப்படுகிறாள். சங்கப் பாட்டில் ஆய்குடி, செப்பேட்டில் ஆய்குலம். குடி என்ற சொல் அரண்மனையை விட்டு வெளியேறிவிட்டது. அடுத்த சில தலைமுறைகளில் ஆய் அரசும் சோழப் படையெடுப்புகளுக்கும் வேணாட்டின் எழுச்சிக்கும் இடையில் கரைந்துபோனது.

ஆனால் சங்க காலத்தில் குடி அரண்மனைச் சொல்லாகவும் இருந்தது. முடமோசியாரின் 132ஆம் பாட்டு, வடக்கே இமயமும் தெற்கே ஆய்குடியும் இல்லாவிட்டால் இந்த உலகம் நிலை புரண்டுவிடும் என்ற பொருளில் முடிகிறது. அங்கே குடி என்பதை வம்சம் என்று கொள்ளலாம், ஊர் என்றும் கொள்ளலாம். மலைக்கு எதிரே மலையாக வைத்துப் பார்த்தால் ஊரே பொருந்தும் என்று தோன்றுகிறது. இமயத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்துவிட்டு மறு தட்டில் ஒரு குடும்பத்தை மட்டும் வைப்பது புலவருக்கு நிறைவு தந்திருக்காது. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்த பிறகு, தென்காசிப் பக்கத்து ஆய்க்குடிக்காரர்கள் தங்கள் ஊரை அந்த வரியில் கண்டுகொண்டார்கள். அந்தப் பெருமை இன்றும் ஊரில் இருக்கிறது.

குடிக்கு அன்று பொருள் விரிந்து கிடந்தது. பிறந்த குடும்பம், அதன் பெருமை, சேர்ந்து வாழும் கூட்டம், அவர்கள் குடியேறிய இடம், அரசனுக்குக் கீழே வாழும் மக்கள் எல்லாமே குடிதான். வள்ளுவர் நற்பிறப்பைப் பற்றிக் குடிமை என்று ஓர் அதிகாரமும், குடும்பத்தை உயர்த்த உழைப்பதைப் பற்றிக் குடிசெயல்வகை என்று இன்னோர் அதிகாரமும் வைத்தார். தூத்துக்குடி, மன்னார்குடி, காரைக்குடி, பரமக்குடி என்று தமிழகம் முழுக்க இந்தச் சொல் ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏறத்தாழ இதே இடத்திலிருந்து புறப்பட்டு, வேறு திசையில் போன ஒரு சொல் ஐரோப்பாவில் உண்டு. லத்தீனில் வில்லா என்றால் பண்ணை வீடு. அந்தப் பண்ணையைச் சேர்ந்து உழுதவன் வில்லானுஸ். பிரெஞ்சில் அது விலேன் ஆனது. 1066இல் நார்மாண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தை வென்றபோது அந்தச் சொல்லும் கடல் தாண்டியது. 1086இல் அவன் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே புத்தகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தப் பெயரில் பதிவானார்கள். அந்தக் கணக்கில் இவர்களே பெரிய கூட்டம். விலேன் தன் பிரபுவின் அனுமதி இல்லாமல் பண்ணையை விட்டுப் போக முடியாது. மகளைக் கட்டிக் கொடுக்கக் காசு கட்ட வேண்டும். பிரெஞ்சு பேசிய கோட்டைக்காரர்கள், மண்ணில் உழுகிறவன் மனத்திலும் அழுக்கானவன் என்று பேசிப் பேசி, உழவனின் பெயரை அயோக்கியனின் பெயராக்கிவிட்டார்கள். 1381இல் லண்டனுக்குள் திரண்டு வந்த உழவர்கள், இந்த அடிமை நிலையை ஒழிக்க வேண்டும் என்று மன்னன் இரண்டாம் ரிச்சர்டிடம் கேட்டார்கள். மன்னன் ஒப்புக்கொண்டு, பிறகு வாக்கைத் திரும்பப் பெற்றான். காலப்போக்கில் பண்ணை அடிமை முறை மறைந்தது. வசை மட்டும் நின்றது. தமிழ்ப் படங்களில் கதாநாயகனிடம் அடி வாங்கும் வில்லன், அந்தப் பழைய பிரெஞ்சு உழவன்தான்.

குடியானவன் என்ற சொல்லுக்குத் தமிழில் அந்தக் கதி நேரவில்லை. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் குடிநீங்காத் தேவதானம் என்ற தொடர் அடிக்கடி வருகிறது. நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்தாலும் அங்கே உழுகிற குடிகளை வெளியேற்றக் கூடாது என்பது அதன் பொருள். அரசன் மாறலாம், வரி வாங்குபவர் மாறலாம், உழுகிறவன் இருந்த இடத்தில் இருப்பான். இதற்கு எதிரான கொடையும் உண்டு; குடிகளை நீக்கிவிட்டு நிலத்தை மட்டும் கொடுப்பது. எனினும் குடி என்பது உரிமை சேர்ந்த சொல்லாகவே இருந்தது. விளைச்சலில் மேலே இருப்பவருக்குப் போவது மேல்வாரம், உழுதவனுக்கு நிற்பது குடிவாரம். குளம் மடை பழுதானால் ஊர் கூடிச் சரிசெய்வது குடிமராமத்து. 2017இல் தமிழக அரசு குளங்களைத் தூர்வாரத் தொடங்கியபோது அதே பெயரைத்தான் வைத்தது.

ஆனால் இந்தச் சொல்லின் மேல் ஒரு பெரிய கறை உண்டு, அதை மறைத்துப் பேசக் கூடாது. வயலில் இறங்கி வேலை செய்த எல்லோரும் குடியாகக் கணக்கிடப்படவில்லை. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரி இல்லாத நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி. நாற்று நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்த கைகளுக்குக் குடிவாரமும் இல்லை, குடிநீங்கா உரிமையும் இல்லை. ஆய்க்குடி சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் 1855 வரை மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்றார்கள். பெயரில் குடி இருந்த ஊர்களிலேயே குடியாக எண்ணப்படாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். பிரெஞ்சு உழவனுக்கு வசைச்சொல் மிஞ்சியதைப் பற்றி எழுதும் எவரும் இதையும் எழுதியாக வேண்டும்.

ஆய்க்குடி திருவிதாங்கூரில் இருந்ததா என்று இன்றைய இளைஞர்கள் வியக்கலாம். மலைக்குக் கிழக்கே இருந்தாலும் செங்கோட்டைத் தாலுகா திருவிதாங்கூர் மகாராஜாவின் நிலம். தென்காசி ஆங்கிலேயரின் சென்னை மாகாணம். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோதுதான் இந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் சில கிலோமீட்டர் இடைவெளியில் உழுதவர்கள் இரண்டு வேறு சட்டங்களுக்குக் கீழே வாழ்ந்தார்கள். திருவிதாங்கூரில் ஆயில்யம் திருநாள் மகாராஜா 1865இல் அரசாங்கப் பாட்ட நிலத்துக் குடிகளுக்கு விற்கவும் வாங்கவும் முழு உரிமை கொடுத்தார். 1867இல் ஜென்மி, குடியான் பிரகடனம் வந்தது. பாட்டமும் வழக்கமான கடமைகளும் செலுத்தும்வரை குடியானை நில உடைமையாளரான ஜென்மி வெளியேற்ற முடியாது. 1896இல் ஜென்மி குடியான் சட்டமாகவே அது உறுதிப்பட்டது. சென்னை மாகாணத்தில் ஜமீன் நிலத்து உழவனுக்கு இதுபோன்ற காப்பு 1908ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டத்தில்தான் கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டமும் குடிவாரம் என்ற சொல்லை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டது.

குடிக்கு வம்சம் என்ற பழைய பொருள் இலங்கையின் கிழக்குக் கரையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மட்டக்களப்புத் தமிழரிடம் ஒருவர் என்ன குடி என்பது தாய் வழியாக வரும். ஒரே குடிக்குள் பெண் எடுப்பதில்லை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பொறுப்பும் திருவிழா உரிமையும் குடிவாரியாகப் பிரியும். அதே பகுதி முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிகள் உண்டு. பள்ளிவாசலை நிர்வகித்த மரைக்காயர்களும் குடிக்கு ஒருவராக வந்தவர்கள். ஆய்வேளையும் சடையன் கருநந்தனையும் யாரும் நினைவில் வைத்திராத கரையில், முடமோசியாரின் ஆய்குடி என்ற சொல்லுக்குக் கொள்ளத்தக்க இரண்டு பொருள்களில் வம்சம் என்பதை மட்டக்களப்பு வீடுகள் திருமணப் பேச்சிலும் கோயில் முறையிலும் புழங்கிக்கொண்டிருக்கின்றன.

தமிழகத்தில் சொல் வேறு உயரத்துக்குப் போனது. 1925 மே 2 அன்று ஈரோட்டிலிருந்து பெரியார் தொடங்கிய வார இதழின் பெயர் குடி அரசு. 1950இல் நாடு குடியரசானது. அன்று அதில் பிறந்தவருக்கெல்லாம் குடியுரிமை கிடைத்தது. ஒரு காலத்தில் குடி என்று எண்ணப்படாத சேரி மக்களும் தாளில் குடிமக்கள் ஆனார்கள். ஆனால் அவர்கள் குடிசை நின்ற நிலம் பண்ணையாருடையதாகவே இருந்தது. கூலி கூட்டிக் கேட்டால் முதல் மிரட்டல், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்பதுதான். வாக்குரிமை இருந்தும் நிற்க இடம் இல்லாத அந்த நிலையை உடைக்க இருபது ஆண்டு பிடித்தது. கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம், குடிகிடப்புக்காரர் என்ற பெயரில் அவர்களை அடையாளம் கண்டு, கிராமப்புறத்தில் 10 சென்ட் வரை குடிசை மனையை வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. 1971இல் தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளி அந்த மனைக்கு உரிமையாளரானார். ஆரியங்காவு கணவாய்க்கு மேற்கே ஒரு சட்டம், கிழக்கே ஒரு சட்டம். 1956க்கு முன் ஒரே அரசுக்குக் கீழ் இருந்த இரண்டு பக்கத்துக் கூலிக்காரர்களுக்கும் பட்டா வாங்கித் தந்தது குடி என்ற அதே சொல்.